எந்த நாள் மதிப்பு

வக்கீலம்மா தாளைத் திருப்பி அவர்கள் பக்கம் நகர்த்தினார்.

ஒன்பது வருட நாணய மதிப்பு அதில் மாதவாரியாக இருந்தது. கப்பல் கம்பெனியின் நாட்டுப் பணம் ஒன்றுக்கு நம் பணம் எவ்வளவு என்று.

முதல் வரியில் நாற்பத்தாறு. கடைசி வரியில் எண்பத்து மூன்று.

"நம்ம பணமும் என்னை மாதிரிதான் போல. வருஷத்துக்கு வருஷம் படுத்துக்கிட்டே போகுது" என்றார் பெரியவர்.

யாரும் சிரிக்கவில்லை. காலையிலிருந்து மூன்று கோர்ட் ஏறி இறங்கிய வக்கீலம்மாவுக்குச் சிரிக்கத் தெம்பில்லை. பெரியவரின் மருமகள் ஆஸ்பத்திரி சலவைப் பிரிவிலிருந்து ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்தாள். விரல் நுனிகள் சோப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்துச் சுருங்கியிருந்தன.

பெரியவரின் மகன் அந்தக் கப்பலில் சமையல்காரன். ஒன்பது வருடத்துக்கு முன் புயலில் கப்பல் மூழ்கியது. சிலர் கரை சேர்ந்தார்கள். சிலர் உடலாக வந்தார்கள். அவன் எப்படியும் வரவில்லை.

உடல் இல்லை என்பதையே சொல்லிச் சொல்லி இழுத்தடித்த கம்பெனி இப்போதுதான் ஒருவழியாக இறங்கி வந்திருந்தது. நஷ்டஈடு அவர்கள் நாட்டுப் பணத்தில் தீர்மானமாகிவிட்டது. ஆனால் ஒப்பந்தத்தில் ஒரு வரி: இறந்த நாளில் என்ன மதிப்போ, அந்தக் கணக்கில்தான் குடும்பத்துக்குக் கிடைக்கும்.

எந்த நாளில் இறந்தான்?

கப்பல் மூழ்கிய நாளைச் சொல்லலாம். போன வருடம் கோர்ட் அவனை இறந்தவன் என்று அறிவித்ததே, அந்த நாளையும் சொல்லலாம். கம்பெனி முதல் தேதியைத்தான் பிடித்துக்கொண்டு நின்றது. இரண்டாவதையும் ஒப்புக்கொள்ள வைப்பதற்குள் வக்கீலம்மாவுக்குத் தொண்டை கட்டிப்போனது. கடைசியில், குடும்பம் எதை எழுதிக் கொடுக்கிறதோ அதுவே தேதி என்றாயிற்று.

"ரெண்டாவது தேதியைப் போடுங்க. கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வரும். இதுல யோசிக்க ஒண்ணுமே இல்ல."

வக்கீலம்மா பேனாவை நீட்டினார்.

மருமகள் பேனாவை வாங்கவில்லை. நாற்பத்தாறையும் எண்பத்து மூன்றையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"முதல் தேதியே போட்டுடலாம் மேடம்."

வக்கீலம்மாவுக்குச் சுர்ரென்று வந்தது. அடக்கிக்கொண்டார். இப்படிப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறார். புருஷன் செத்த நாளை விலைக்குத் தள்ளிப்போட மாட்டேன் என்பார்கள். அடுத்த மாதம் வாடகைக்கு அலைவார்கள்.

பெரியவர் பக்கம் திரும்பினார். பணத்தில் சரிபாதி அவருக்கு.

"ஐயா, நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க. உங்க கண் ஆபரேஷனை எத்தனை தடவை தள்ளிப் போட்டாச்சு? இவங்க எழுதற தேதிதான் உங்க பங்குக்கும்."

பெரியவர் மருமகளைப் பார்த்தார். அவள் தலை நிமிரவில்லை. மடியில் அந்த வெளுத்த விரல்கள் மட்டும் ஒன்றையொன்று பிசைந்துகொண்டிருந்தன.

"அவன் கப்பலோடயே போயிட்டாம்மா. அந்தத் தேதியே இருக்கட்டும்."

பெற்றவர் வாயால் அதைக் கேட்டபின் வக்கீலம்மா அந்தத் தேதியையே நிரப்பி நீட்டினார். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். பெரியவர் தாளை முகத்துக்கு அருகில் வைத்து, இடம் தேடிப் போட்டார்.

பட்ட பாட்டில் பாதி ஒரே நிமிடத்தில் கரைந்து போனதை வக்கீலம்மா பார்த்துக்கொண்டிருந்தார். தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

அவர்கள் இறங்கிப் போன பிறகுதான் கவனித்தார். நகலில் பெரியவரின் கையெழுத்து விட்டுப்போயிருந்தது. முட்டி வலிக்க வலிக்கப் படியிறங்கினார்.

வாசலில் ஒருவன் பைக்கை நிறுத்திவிட்டுக் காத்திருந்தான். பைக்கின் முன்பக்கம் உட்கார்ந்திருந்த சின்னப்பெண் சறுக்கி இறங்கி, ஓடிவந்து, அம்மாவைத் தாண்டிப் போய்ப் பெரியவரின் காலைக் கட்டிக்கொண்டது.

"தாத்தா, தூக்கு."

"நாலு வயசு முடியப் போகுது, இன்னும் தூக்கணுமாம்" என்றபடி பெரியவர் குனிந்து தூக்கிக்கொண்டார்.

அப்போதுதான் வக்கீலம்மா நிற்பதைப் பார்த்தார்கள். மருமகளின் முகத்தில் ரத்தமே இல்லை. பைக்கில் வந்தவன் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டு தரையைப் பார்த்தான்.

வக்கீலம்மா நகலைப் பைக் சீட்டின்மேல் வைத்து, கையெழுத்துப் போடவேண்டிய இடத்தை விரலால் காட்டினார்.

பெரியவர் குழந்தையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு கையெழுத்திட்டார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"போன வருஷம் வரைக்கும் என் பையன் உசுரோட இருந்தான்னு நானே எழுதிக் குடுத்துட்டா, இது யாரு வீட்டுக் கொழந்தைன்னு நாளைக்கு நாலு பேர் கேக்க மாட்டாங்களா மேடம்?"

குழந்தை அவர் தோளில் கன்னத்தை வைத்து அழுத்திக்கொண்டது.

"குடுங்கப்பா, உங்களுக்குக் கை வலிக்கும்" என்று பைக்கில் வந்தவன் இரு கைகளையும் நீட்டினான்.

பெரியவர் கொடுக்கவில்லை.