அடிபட்ட பல்

“மதினி, பிள்ளையை அடிச்சீகளா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க.”

அடுப்படி வாசலில் நின்று வேல்விழி கேட்டாள். எக்ஸ்ரே கவரைப் பிடித்திருந்த கை நடுங்கியது.

குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்த பாண்டிச்செல்வி திரும்பிப் பார்த்தாள். வேல்விழியின் கணவனுக்கு அக்கா. புருசன் இறந்தபின் தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். வேல்விழி வேலைக்குப் போய்விட, தருண்குமாரைத் தூக்கி வளர்த்ததெல்லாம் அவள்தான்.

“எந்தப் புள்ளைய?”

“தருணைத்தான். இன்னைக்கு விருதுநகர்ல பல்லுக்குக் கிளிப்பு போடுற டாக்டர்கிட்ட போனோம்ல? எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துட்டாங்க. இடது பக்கக் கோரைப்பல் இம்பாக்டட்.”

“அப்படின்னா?”

“பலமா அடி விழுந்திருக்குன்னு அர்த்தம். இம்பாக்ட்னா அடி, மோதல். பல்லு எலும்புக்குள்ளயே போயிருச்சு. நானே பார்த்தேன்.”

போனிலும் போட்டுப் பார்த்திருந்தாள். ‘தாக்கப்பட்ட கோரைப்பல்’ என்றது. பஸ்ஸிலேயே அழுதுவிட்டாள்.

டாக்டரிடமே கேட்டிருக்கலாம்தான். ஆனால் அந்தம்மா எடுத்த எடுப்பில், “எங்க படிச்சீங்க?” என்றார். “கான்வென்ட்ல” என்று சொல்லிவிட்டாள்.

“அப்பாடா, எனக்கு வேலை மிச்சம்” என்று சிரித்துவிட்டு, கேனைன், குரௌடிங், எக்ஸ்போஷர், ஆர்ச் வயர் என்று டாக்டர் இங்கிலீஷில் அடுக்கிக்கொண்டே போனார். இவளும் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். சிவகாசியில் காலண்டருக்கும் டைரிக்கும் புரூஃப் பார்க்கிறவள், ஓர் இங்கிலீஷ் வார்த்தைக்கு அர்த்தம் கேட்பதா?

சத்தம் கேட்டு முனியராஜ் உள்ளே வந்தான். பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். சீசன் நேரத்து எரிச்சல் வேறு.

“நான் காலையில போனா இருட்டித்தான் வாரேன். வீட்டுல இருக்கிறது நீங்க ரெண்டு பேரு. யாரு கை நீட்டுனது? டாக்டரே சொல்லிட்டாகன்னா பொய்யா இருக்காது. அக்காவா இருந்தாலும் சரி, பொண்டாட்டியா இருந்தாலும் சரி, இன்னைக்கே மூட்டையைக் கட்டிற வேண்டியதுதான்.”

“அப்பா, என்னைய யாரும் அடிக்கல” என்றான் தருண், அத்தையின் சேலையைப் பிடித்துக்கொண்டு.

“நீ சும்மா இருலே.”

“அத்தைச் செல்லம்ல? அவன் எப்படிச் சொல்லுவான்?” என்றாள் வேல்விழி.

பாண்டிச்செல்வி தம்பியின் முகத்தைப் பார்த்தாள். வேல்விழியை ஏற இறங்கப் பார்த்தாள். புளிக்கையைக் கழுவினாள்.

“நான்தாம்ப்பா அடிச்சேன். ஏதோ ஒரு கோவத்துல...”

“பார்த்தீங்களா!” என்று அழுகையும் வெற்றியுமாக வேல்விழி கத்தினாள்.

அன்றைக்கே ஒரு பையோடு ஆனைக்குட்டத்துக்கு, சின்னம்மா வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள் பாண்டிச்செல்வி. ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போங்க என்று வேல்விழி சொல்லவில்லை.

மறுவாரம் டாக்டரிடம் வேல்விழியே பேச்சை ஆரம்பித்தாள்.

“அடிச்சவங்களை வீட்டை விட்டே அனுப்பிட்டோம் டாக்டர்.”

“யாரை யார் அடிச்சாங்க?”

“இவனைத்தான். நீங்கதானே இம்பாக்டட்னு...”

தருணின் வாய்க்குள் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் நிமிர்ந்தார்.

“அடி இல்லம்மா! முளைச்சு வெளியே வர வழியில்லாம எலும்புக்குள்ளயே மாட்டிக்கிட்ட பல்லைத்தான் இம்பாக்டட்னு சொல்லுவோம். எத்தனையோ பிள்ளைங்களுக்கு அப்படி இருக்கு. ஈறைக் கொஞ்சம் திறந்து, கிளிப்பை ஒட்டி, மெதுவா இழுத்துக் கொண்டாந்துரலாம். அன்னைக்கு இதைத்தானே சொன்னேன்? நீங்க தலையாட்டினீங்க, புரிஞ்சிருச்சுன்னு நெனச்சேன்.”

“நான் அப்பவே சொன்னேன்ல” என்றான் தருண், வாயைத் திறந்தபடியே.

வேல்விழிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. வீட்டுக்குப் போகாமல் நேரே ஆனைக்குட்டம் போனாள்.

ஊர் எல்லையில் பட்டாசுக் கம்பெனி வேன் வந்து நின்றது. இறங்கிய பெண்களுக்கு நடுவே பாண்டிச்செல்வி. புருசன் வெடி விபத்தில் போனதிலிருந்து கம்பெனி வாசலையே மிதிக்காதவள். இப்போது முழங்கை வரைக்கும் வெள்ளி பூசின மாதிரி வெடிமருந்துப் பொடி.

“அத்தை!” என்று தருண் ஓடினான்.

“ஏலே, தொடாதலே! மருந்து!” கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். “என்ன தாயி, இம்புட்டுத் தூரம்? சின்னம்மாவும் பாவம், சும்மா உக்காந்து திங்க முடியுமா? அதான் வேலைக்குப் போறேன்.”

“மதினி, அந்த வார்த்தைக்கு அர்த்தமே வேற. பல்லு உள்ள மாட்டிக்கிட்டு இருக்காம், அம்புட்டுத்தான். அடியே இல்ல. படிச்சவன்னு பேரு, நான்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன். வீட்டுக்கு வாங்க மதினி.”

“அப்ப யாருமே அடிக்கலையா?” பாண்டிச்செல்வியின் முகம் மலர்ந்தது. “நெசமாவா? எஞ்சாமி!”

வேல்விழி நிமிர்ந்து பார்க்க முடியாமல் கேட்டாள். “அடிக்காத நீங்க எதுக்கு அடிச்சேன்னு ஒத்துக்கிட்டீக?”

பாண்டிச்செல்வி அவளைச் சற்றுத் தள்ளி அழைத்துப் போனாள். தருணுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினாள்.

“டாக்டரே சொல்லிட்டாகன்னு தம்பி சொன்னான். வீட்டுல இருக்கிறது நாம ரெண்டு பேரு. நான் அடிக்கல. நீயோ கையெல்லாம் நடுங்கிப்போயி நின்ன. நீதான் அடிச்சுப்போட்டு, தம்பிக்குப் பயந்து எம்மேல பழி சொல்றியோன்னு நெனச்சுட்டேன் தாயி. அத்தை போனாப் புள்ள ரெண்டு நாளு அழும். நீ போயிருந்தா?”