கூரை மேல் கிளாரன்ஸ்

"வந்துச்சா?" என்று கூரை மேலிருந்து கத்தினார் கிளாரன்ஸ் மாமா, என் வீட்டுக்காரரின் அண்ணன்.

"இல்ல மாமா, இன்னும் புள்ளி புள்ளியாத்தான் கீது" என்றேன்.

பச்சைப் பொய். அவர் ஆன்டெனாவை முதல் தடவை திருப்பியதுமே படம் வந்துவிட்டது. டிவித் தொடரில் வரும் ராணியின் மூக்குத்திக் கல்கூடத் தெரிந்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு. பூசை முடிந்து வந்து கிறிஸ்துமஸ் பலகாரமான கல்கல் போட உட்கார்ந்திருந்தோம். மாமியார் பின்கட்டு அடுப்படியில் எண்ணெய்ச் சட்டியோடு இருந்தார். கிளாரன்ஸ் மாமாவின் மனைவி சுனிதா அக்காவும் நானும் டிவி முன்னால் மாவை உருட்டி, புதுச் சீப்பின் பல்லில் அழுத்திச் சுருட்டிக்கொண்டிருந்தோம்.

ராஜா ராணித் தொடருக்கு அன்றுதான் கடைசி வாரம். ஒன்றரை வருஷமாக ஒரு ஞாயிறு விடாமல் பார்த்த மனுஷன், காற்றில் ஆன்டெனா திரும்பிக்கொண்டதும் பதறிக்கொண்டு மேலே ஏறினார். இந்தித் தொடர். வீட்டில் இந்தி தெரிந்தவர் அவர் ஒருவர்தான். இரண்டு வருஷம் நாக்பூரில் வேலை பார்த்தவர்.

போன வருஷம் இதே ஞாயிறு என் அப்பா வந்திருந்தார். முப்பது வருஷம் சுரங்கத்தில் பாறை துளைக்கும் டிரில் பிடித்தவர். நெஞ்சு முழுக்கத் தூசி, இருமினால் நிற்காது. அவருக்கு இந்தியில் ஒரு வார்த்தை தெரியாது. தொடரில் வரும் குதிரைகளைப் பார்க்கத்தான் வருவார். குதிரை ஓடினால் சின்னப் பிள்ளை மாதிரி சிரிப்பார்.

"பெருசு, வெளிய போய் உக்காரு. உன் இருமல்ல ஒரு வசனமும் காதுல வுழல" என்றார் மாமா.

அப்பா வாசல்படியில், அந்தக் குளிரில், துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார். நான் தலை நிமிராமல் கல்கல் சுருட்டினேன்.

தவக்காலத்தில் அப்பா போய்ச் சேர்ந்தார். அன்றைக்கு வாயைத் திறக்காத என்னையே நான் மன்னிக்கவில்லை, இந்த ஆளையா மன்னிப்பேன்? நேற்றுப் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் என் பாவம் எல்லாவற்றையும் சொன்னேன். இதை மட்டும் சொல்லவில்லை.

நில்லு ராசா. தொடர் முடிகிற வரைக்கும் அங்கேயே நில்லு.

ஆனால் சுனிதா அக்கா டிவியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அவள் புருஷன். ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் இறங்கி வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். அப்புறம் இந்த வீட்டில் என் பாடு திண்டாட்டம்தான்.

"படம் போனாப் போவுது வுடு! வசனம் நல்லாக் கேக்குது. ராணி கோட்டைக் கதவைத் தெறக்கச் சொல்லிட்டா!" மேலே ஒரே சிரிப்பு.

இதை நான் யோசிக்கவே இல்லை. படமே இல்லாமல் அந்த ஆள் முழுக் கதையையும் அனுபவித்துக்கொண்டிருந்தார்.

சுனிதா அக்கா மாவை வைத்துவிட்டு எழுந்தாள். தொலைந்தேன் என்று நினைத்தேன்.

அவள் வாசலுக்குப் போகவில்லை. டிவி அருகே போய் சத்தத்தை முழுசாகக் குறைத்தாள். கோட்டைக் கதவு ஓசையே இல்லாமல் திறந்தது.

"இன்னாச்சு? சத்தமும் பூடுச்சா?"

"அதுவும் பூடுச்சுங்க! நீங்க நல்லாத் திருப்புங்க!" என்று கத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

சீப்பைக் கையில் எடுத்தாள். என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"எங்கப்பா இந்த வீட்டுக்குள்ள வந்து எப்பனா நீ பாத்துகீறியா, வின்னி?"

நான் வாழ்க்கைப்பட்டு வந்து ஒன்பது வருஷம். ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அவர் வீடு மூன்று தெரு தள்ளித்தான் இருக்கிறது.