ஆசீரின் எட்டு சுவிட்சுகள்

“உன் கம்ப்யூட்டரை நான் பாக்கணும்.”

கட்டிக்கப்போகிறவனிடம் இதை மட்டும் கேட்டு வைக்காதே, சந்தேகப் பிராணி என்று பேர் வந்துவிடும் என்று லூர்துராணி மகளிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். மன்னார்புரத்தில் ஆசீர் வீட்டு மாடியறைக்குள் நுழைந்ததும் பெலிண்டா அதைத்தான் முதலில் கேட்டாள்.

ஆசீர் சிரித்தான். “எவ கூட பேசுறேன்னு பாக்கணுமா?”

“எவ கூட வேணா பேசிக்க. தென்னூர் கம்பெனில உனக்கு வேலை வாங்கிக் குடுத்துச்சே ஒரு லேப், அதைக் காட்டு.”

அவளுக்கு வயிறு எரிந்தது. நேர்முகத்துக்கு இரண்டு பேரும்தான் போனார்கள். இருந்தது ஒரே வேலை. கணினிகளை இணைக்கும் நிஜ நெட்வொர்க் சுவிட்ச் வாங்க வழியில்லாதவர்கள் அதன் மென்பொருள் நகலைக் கணினியில் ஓடவிட்டுப் பழகுவார்கள். ஆசீர் அப்படி எட்டு சுவிட்சுகளைக் கோத்து ஒரு ‘லேப்’ அமைத்து, ஒரு ஆபீசுக்கான வலைப்பின்னலையே ஓட்டிக் காட்டினான். பெலிண்டா வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தாள்.

“பொறாமையாடி?”

“ஆமா, பொறாமைதான். எங்க வீட்ல காலேஜ் வாசலை மிதிச்ச மொத ஆளு நான். அந்த வேலை எனக்கு வேணும்னு இருந்துச்சு.”

“இன்டர்வியூ நேரத்துல உன் லேப்டாப் படுத்துக்கிட்டா நான் என்ன பண்ண? நானும் ரிப்பேருக்கு வாங்கிட்டு வந்து மல்லுக்கட்டிப் பாத்தேன். ஒண்ணும் தேறல.”

சொல்லிக்கொண்டே திரையைத் திறந்தான். எட்டு சுவிட்சுகளும் பச்சையாக வரிசை கட்டி நின்றன. ஆசீர்-1, ஆசீர்-2 என்று எல்லாவற்றுக்கும் தன் பேரையே வைத்திருந்தான்.

“எல்லாம் நானே உக்காந்து கட்டுனது. நல்லாப் பாத்துக்க.”

கீழிருந்து அவன் அம்மா டீக்குக் குரல் கொடுத்தார். இறங்கிப் போனான்.

பெலிண்டா முதல் சுவிட்சைத் தட்டினாள். பாஸ்வேர்ட் கேட்டது. விரல்கள் பழக்கத்தில் எதையோ அடித்தன, திறந்துகொண்டது. அடுத்ததும் திறந்தது. அதற்கடுத்ததும்.

அவன் டீயோடு மேலே வந்தபோது அவள் கைப்பையை மாட்டிக்கொண்டு அறை வாசலில் நின்றாள்.

“எங்க கிளம்பிட்ட?”

“கோயிலுக்கு. நாளைக்குப் பூசைல நம்ம கல்யாண அறிவிப்பு ஓலையை வாசிக்க வேணாம்னு ஃபாதர்கிட்ட சொல்லிடுறேன்.”

அவள் தோளுக்குப் பின்னால், திறந்து கிடந்த திரையைப் பார்த்துவிட்டான்.

“ஏய்... இதெல்லாம் எப்படித் திறந்த?”

அவனை விலக்கிக்கொண்டு படியிறங்கியபடியே சொன்னாள்:

“பேரை மாத்துன நீ, நான் வச்ச பாஸ்வேர்டை மாத்தலியே!”