லாரியின் உயிர்

"நின்னுடாதடி தாயே, நின்னுடாத! இந்த மேட்டை மட்டும் ஏறிடு!"

ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு லாரியிடம் கெஞ்சினான் கிரகோரி. அந்தக் கிழட்டு லாரி யார் பேச்சைக் கேட்டது? இரண்டு தரம் இருமியது. மேட்டின் பாதியில் அடங்கிப் போனது.

"அலமாக்! மறுபடியுமா?"

அடுத்த ஊரான உலு திராம் இன்னும் வரவில்லை. சாலையின் இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள், ஒரு மனித முகம் இல்லை. மழை வேறு. பின்னால், தார்ப்பாய்க்கு அடியில் சாக்கு விரித்து அவன் மனைவி அமலோற்பவம் படுத்திருந்தாள். தலைப்பிரசவம். நேற்று மாலையிலிருந்து வலி.

"ஏன்பா நிறுத்திட்டே?" தார்ப்பாய்க்குள்ளிருந்து கத்தினாள் மருத்துவச்சி வெள்ளையம்மா. "புள்ள குறுக்க கெடக்குன்னு சொன்னேன்ல? இனிமே என் கையில ஒண்ணுமில்ல. பொழுது சாயறதுக்குள்ள ஜொகூர் பாரு ஆஸ்பத்திரிக்குப் போவலன்னா ரெண்டு உசுரும் போயிரும்!"

"நான் எங்கக்கா நிறுத்தினேன்? அதுவா நிக்குது!"

கிளம்பியதிலிருந்து இது மூன்றாவது தடவை. கிரகோரி மழையில் கீழே குதித்தான்.

தோட்டத்து லாரி அவன் கைக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. அதற்கு முன் ஓட்டிய செல்லப்பனைத் துரை வேலையை விட்டு விரட்டினார். அவன் போகிற போக்கில் லாரியைத் தட்டி, "இதை எவன் ஓட்டிக் கிழிக்கிறான்னு பாக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். அந்த வாரமே பிடித்தது இந்தச் சனியன். நன்றாக ஓடும், திடீரென்று இழுவை குறையும், நின்றுவிடும். கொஞ்ச நேரம் விட்டுக் கிளப்பினால், ஒன்றுமே நடக்காதது மாதிரி ஓடும். செல்லப்பன் செய்வினை வைத்துவிட்டான் என்று தோட்டமே பேசியது.

முதல் தடவை நின்றபோது பிளக்குகளைக் கழற்றித் துடைத்தான். இரண்டாம் தடவை, பெட்ரோல் எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்குமோ என்று கார்புரேட்டரை வடித்துப் பார்த்தான். ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. மேட்டில் எண்ணெய் இறங்கவில்லையோ என்றால், அப்போது நின்றது சமதரையில். இனி எதைப் பார்ப்பது?

"ஏங்க..." அமலோற்பவத்தின் குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல. "பயப்படாதீங்க. இந்த வண்டிக்கு ஒண்ணும் ஆவாது."

சாகக் கிடக்கிறவள் அவனுக்குத் தைரியம் சொல்கிறாள்!

இந்தத் தடவை எண்ணெய்க் குழாயைக் கழற்றிப் பிடித்தான். சொட்டுகூட வரவில்லை. ஒரு நிமிஷம் ஆனது. இரண்டு நிமிஷம். பிறகு தானாகவே ஒழுக ஆரம்பித்தது.

"அக்கா! ஓடும்போது அடைக்குது, நின்னா விட்டுருது. எண்ணெ டாங்கிக்குள்ள என்னமோ மெதக்குது!"

"அதை அப்புறம் சொல்லு. மொதல்ல எடு!"

டாங்கி அவன் சீட்டுக்கு அடியில்தான் இருந்தது. லாரி கைக்கு வந்த முதல் நாள், அமலோற்பவத்தைக் கூட்டிவந்து சீட்டைத் தூக்கி இதைத்தான் பெருமையாகத் தட்டிக் காட்டினான்.

மூடியைத் திருகினான். ஒரு கம்பியைக் கொக்கி மாதிரி வளைத்து உள்ளே விட்டுத் துழாவினான். பின்னால் அமலோற்பவம் வீறிட்டாள். கம்பி நழுவியது. மறுபடி விட்டான். இந்த முறை ஏதோ மாட்டியது.

வெளியே வந்தது ஒரு சின்னத் துணி. எண்ணெயில் ஊறிக் கறுத்துப்போய், ஒரு நூலோடு தொங்கியது.

"செல்லப்பன் வேலதான்! படுபாவி, துணியைப் போட்டு வெச்சிருக்கான்!" கிரகோரி அதைச் சரியாகக்கூடப் பார்க்காமல் சாக்கடையில் வீசினான். ஆத்திரம் தலைக்கேறியது. "இதைப் போட்ட கை விளங்காமப் போவ! அந்தக் குடும்பத்துல தொட்டில் ஆடாமப் போவ!"

"ஏசினது போதும், வண்டியை எடுப்பா!"

குழாயை மறுபடி மாட்டிவிட்டு, ஹேண்டில் போட்டுச் சுற்றினான். ஒரே சுற்று. என்ஜின் கர்ஜித்தது. லாரி மேடேறியது. உலு திராம் கடைத்தெரு பின்னால் போனது. நிற்கவில்லை. தெப்ராவ் பக்கம் வந்தது. அப்போதும் நிற்கவில்லை! கிரகோரி சிலுவை போட்டுக்கொண்டான். இன்று முதல் முறையாக மூச்சு ஒழுங்காக வந்தது.

"ஏங்க, வண்டி சரியாயிடுச்சா?"

"ஆயிடுச்சி அமலு! இன்னும் ஏழு மைல்தான். பல்லைக் கடிச்சிக்க."

"எனக்குத் தெரியும்ங்க." வலியிலும் அவள் குரலில் ஒரு பெருமை இருந்தது. "அந்தச் செல்லப்பன் அப்படிச் சொல்லிட்டுப் போனதும் எனக்குக் கொல நடுங்கிப் போச்சு. சாமியார்கிட்ட மந்திரிச்சு வாங்கின உத்தரியத்தை அன்னிக்கே வண்டியில போட்டுட்டேன்."

உத்தரியம். மாதா படம் தைத்த சின்னத் துணி; நூல் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்வது.

கிரகோரி பின்பக்கம் தலையைத் திருப்பினான். "எங்க... எங்க போட்டே?"

"வண்டிக்கு உசுரே எண்ணெ டாங்கியிலதான் இருக்குன்னு நீங்கதான காட்டினீங்க? அதுக்குள்ளதான்."

அவன் விட்ட சாபம் அவன் காதிலேயே திரும்ப ஒலித்தது. "எத்தன போட்டே, அமலு?"

"மூணு. உங்களுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு, பொறக்கப்போற புள்ளைக்கு ஒண்ணு."

லாரி இருமியது.