ஜன்னல் கம்பி

தஹ்மீனா கைப்பிடியைச் சுற்றச் சுற்ற, வட்டமாக நிற்கும் ஊசிகளில் சாம்பல் நிற நூல் குழாயாகப் பின்னப்பட்டு மெஷினுக்கு அடியில் இறங்குகிறது. தோள்பட்டை இற்றுவிழுகிறது. வெட்டிய குழாயின் ஒரு முனையைச் சுருக்கி அம்மா குல்சார் பேகத்தின் மடியில் போடுகிறாள். பஞ்சு அடைத்தால் முயல். வயிறு ஒட்டிய முயல்கள் அங்கே குவிந்து கிடக்கின்றன. திருத்தங்கல் வெயில் தகரக் கூரையைக் காய்ச்சுகிறது. காற்றில் பேருக்குக்கூட ஈரமில்லை. அம்மா பைக்குள் கைவிட்டு பாலியஸ்டர் பஞ்சை அள்ளுகிறாள். அது புறங்கையில் ஒட்டிக்கொண்டு சடசடக்கிறது. வெடுக்கென்று உதறிவிட்டு எழுகிறாள்; முட்டியைப் பிடித்தபடி நடந்துபோய் ஜன்னல் கம்பியை உள்ளங்கையால் தொட்டுவிட்டு வருகிறாள். பட்டாசு கம்பெனியில், வெடிமருந்து அறைக்குள் நுழையுமுன் செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பு மின்சாரத்தை இறக்கிப் பழகிய கை அது. மணிக்கட்டுவரை பளபளக்கும் தீத்தழும்பு, தொட மறந்த ஒரு நாளின் மிச்சம். “அம்மா, இது பொம்மைப் பஞ்சு. சாயங்காலம் லோடு எடுக்க வந்துருவாக. இப்படி எந்திரிச்சு எந்திரிச்சுப் போனா ஆர்டர் எப்பிடி முடியும்?” “எனக்குத் தெரியும்த்தா. கைதான் கேக்க மாட்டேங்குது.” தஹ்மீனா கைப்பிடியை விட்டு எழுந்து, அம்மாவின் நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போடுகிறாள். திரும்பி வந்து மறுபடி சுற்றத் தொடங்குகிறாள். குல்சார் பேகம் இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பியபடி, மடியிலிருக்கும் முயலின் வயிற்றுக்குள் மெல்லப் பஞ்சை வைக்கிறாள்.