சாருலதா என்றொரு கோள்

கோள்களுக்கு யார் வேண்டுமானாலும் பெயர் வைக்கிற காலம் அது. பெயர்ப் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்த நறுமுகையின் கண்ணில் கணவன் தயாநிதியின் பெயர் பட்டுவிட்டது. கல்யாணத்துக்கு முந்தின வருடம், எங்கோ ஒரு விண்மீனை ஒட்டி மூன்று நாளுக்கு ஒருமுறை சுற்றிவரும் ராட்சத வாயுக்கோளுக்கு 'சாருலதா' என்று பெயர் வைத்திருந்தான்.

"யாருங்க இவ?"

"காலேஜ்ல கூடப் படிச்சவ. அது வெறும் கொதிக்கிற வாயு, விடும்மா."

அவளுக்கு வயிறு எரிந்தது. மறுநாளே பதிவு அலுவலகத்துக்குப் போனாள்.

"வச்ச பேரை மாத்த முடியாதும்மா," என்றார் அலுவலர். "அது சுத்துற விண்மீனுக்கு வேணா வைங்க, அதுக்கு இன்னும் பேர் இல்லை."

நறுமுகை தன் பெயரையே எழுதிக் கொடுத்தாள்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவனிடம் வந்து சொன்னாள்: "இனிமே உங்க சாருலதா மூணு நாளைக்கு ஒருதரம் என்னைச் சுத்தி வந்து வேகட்டும்!"

சிரிப்பான் என்று பார்த்தாள். அவன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டான்.