எட்டாவது துளை

நான்கு வருடமாக அந்தக் கண்ணாடிப் புட்டிக்குள் ஒரு கடல் இருந்தது. பூமியில் ஆக்சிஜன் சேர்வதற்கு முந்தைய கடல். இரும்பு கரைந்து வெளிர்பச்சையாக இருந்தது. அதில் நான் விட்டிருந்த நுண்ணுயிர்கள், காற்றின் தயவில்லாமல், வெளிச்சத்தை வைத்தே அந்த இரும்பைத் துருவாக்கிக் காட்ட வேண்டும். அதுதான் என் ஆராய்ச்சி. நான்கு வருடமும் அவை ஒன்றும் செய்யவில்லை.

அப்பாவை அடக்கம் செய்துவிட்டு ஒரு வாரம் கழித்து ஆய்வகத்துக்குத் திரும்பினேன். கடல் சிவந்திருந்தது.

"உன் பூச்சிங்க கண்ணத் தொறந்துடுச்சு எஸ்தர்," என்றான் பூபாலன். என் பக்கத்து மேசைக்காரன். எல்லோருக்கும் லட்டுகூடக் கொடுத்துவிட்டிருந்தான்.

மாதிரி எடுக்கப் புட்டியின் ரப்பர் மூடியில் ஊசி குத்தும்போதெல்லாம் துளைக்குப் பக்கத்தில் ஒரு மைப்புள்ளி வைப்பது எங்கள் இருவரின் வழக்கம். மூடியில் ஏழு புள்ளிகள் இருந்தன. லென்ஸை வைத்துப் பார்த்தேன். துளைகள் எட்டு.

"காத்து விட்டியா?"

அவன் மறுக்கவில்லை. "மார்ச்சோட உன் ஃபெலோஷிப் முடியுது. அப்பாவும் இல்ல. வெறுங்கையோட எப்படி ஊருக்குப் போவ?"

"காத்து பட்டா பழைய ஆணிகூடத்தான் துருப்பிடிக்கும், பூபாலா."

அவன் பேனாவின் மூடியைக் கழற்றி என்னிடம் நீட்டினான். "ஒரு புள்ளிதான. உன் கையாலயே வெச்சிடு, கணக்கு சரியாயிடும்."

புட்டிக்குள் இருக்கும் உயிர்களுக்குக் காற்று விஷம் என்று முதல் வருடம் எனக்குச் சொன்னவன் அவன்தான்.